அறுநூறு ரூபாய்க் கத்தி

சென்னையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவி. காபி வந்தது. காபிக்குப் பின்னாலேயே ஒரு மரப் பெட்டியும் வந்தது. நகைப் பெட்டி என்றுதான் நினைத்தேன். வெல்வெட் துணியை விலக்கினால் உள்ளே படுத்திருந்தது ஒரு சவரக் கத்தி.

நாற்பதைத் தாண்டிய வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். பிடிக்குள் மடங்கிக் கொள்ளும் நீளக் கத்தி. சலூன் நாற்காலியில் பலகை போட்டு உட்கார வைத்த வயதில், பிடரியில் அது இறங்கும்போது மூச்சை அடக்கிக் கொண்டு இருந்திருப்பீர்கள். அதே சாதிதான். ஆனால் இதன் பிடி ஏதோ வெளிநாட்டு மரம். முதுகில் பூ வேலை.

"கையில பிடிச்சுப் பாருங்க. ஹேண்ட்மேட். எனக்குன்னே செஞ்சது. உள்ளங்கை அளவு, தாடி எவ்வளவு முரடு, எல்லாம் கேட்டுத்தான் ஆர்டரே எடுத்தான். எட்டு மாசம் வெயிட்டிங்."

"எவ்வளவு?"

"ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு."

நாற்பத்திரண்டாயிரம். எனக்கு காபி புரையேறியது.

இந்த இடத்தில் நான் நண்பரைக் கிண்டல் செய்யப் போகிறேன் என்று எதிர்பார்த்தீர்கள் அல்லவா? ஸாரி. சும்மா சொல்லக் கூடாது, நல்ல கத்தி. அந்த விலை அநியாய விலை என்றும் சொல்ல மாட்டேன். நான் பி.காம். படித்தவன், எனக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. தினம் ஒரு சவரம் என்றால் முப்பது வருஷத்துக்கு 10,950 சவரம். 42,000-ஐ வகுத்தால் ஒரு சவரத்துக்கு மூன்று ரூபாய் எண்பத்து நாலு பைசா. ஒழுங்காகப் பராமரித்தால் இந்தக் கத்தி முப்பது வருஷத்தையும் தாண்டி மகன் கைக்குப் போகும். நண்பர் ஏமாறவில்லை.

பிறகு எதற்கு இந்தக் கட்டுரை என்கிறீர்களா? சொல்கிறேன். "எங்க ஊர்ல ஒரு கொல்லர் இருக்கார். பழைய ஆள். அவர்கிட்ட ஒண்ணு செய்யச் சொல்லிக் கேக்கட்டுமா?" என்றேன். நண்பர் முகம் மலர்ந்தது. "லோக்கல் ஆர்ட்டிஸனா? சூப்பர், கேளுங்க" என்றார். ஒரு கல்யாணத்துக்காகச் செஞ்சிக்குப் போனபோது கேட்டேன். பெரியவர் அறுநூறு ரூபாய் என்றார். அங்கிருந்தே நண்பருக்கு போன் போட்டேன்.

"அறுநூறா? ஒரு இரும்புத் துண்டுக்கா? நானூறுன்னா முடிங்க."

நாற்பத்திரண்டாயிரத்தைப் பேரம் பேசாமல் கொடுத்த அதே வாய். இந்தக் கட்டுரை அந்த இருநூறு ரூபாயைப் பற்றியது.

* * *

செஞ்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், யாரோ பாறைகளைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி குன்றுகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் வளைத்து ஓடும் மதில். பஸ்ஸில் போகிறவர்கள் செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொண்டு, "தேசிங்கு ராஜா கோட்டை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று எங்கள் ஊர்.

நான் சொன்ன பட்டறை கோட்டையிலிருந்து அதிக தூரமில்லை. ஓலைக்குப் பதில் இப்போது தகரம். துருத்திக்குப் பதில் கரண்ட்டில் ஓடும் சின்ன காற்றாடி. மற்றபடி அதே உலை, அதே பட்டடைக்கல், அதே சம்மட்டி. கதிர் அரிவாள், பனை மரம் ஏறுகிறவர்கள் பாளை சீவும் கத்தி, கடப்பாரை முனை தட்டுவது. இதுதான் பிழைப்பு. லாரியின் பட்டையை வெட்டித்தான் முக்கால்வாசி வேலை.

"சவரக் கத்தியா? அது லாரிப் பட்டையில வராது தம்பி. தேஞ்ச அரம் வேணும். அரத்து இரும்புதான் வாய் நிக்கும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. வெளிநாட்டுக் கத்திக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயத்தை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அரம் என்பது கரிமம் அதிகமுள்ள எஃகு. சவரக் கத்திக்கு அதுதான் வேண்டும். அதை உலையில் பழுக்க வைத்து அடித்து உருவாக்க வேண்டும். பிறகு சரியான செந்நிறம் வந்த நொடியில் எடுத்து நனைக்க வேண்டும். தண்ணீரில் நனைத்தால் சில சமயம் கீறல் விடும், அதனால் எண்ணெய். இப்போது கண்ணாடி மாதிரிக் கடினமாக இருக்கும், கீழே போட்டால் உடையும். எனவே மறுபடியும் இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். இரும்பின் மேல் காய்ந்த வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்திவிட வேண்டும். நிறம் கொஞ்சம் தாண்டினால் கத்தி மழுங்கல், முந்தினால் வாய் பொரிந்து போகும். தெர்மாமீட்டர் கிடையாது. கண்தான்.

இதைவிட நுட்பமானது முதுகு. சவரக் கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படியும். அதாவது கத்தியின் அகலத்துக்கும் முதுகுத் தடிமனுக்கும் உள்ள கணக்குதான் கூர்மையின் கோணம். பதினாறு மில்லிமீட்டர் அகலத்துக்கு நாலரை மில்லிமீட்டர் முதுகு என்றால் கோணம் ஏறக்குறைய 16 டிகிரி. செய்தவர் அன்றைக்கு முதுகில் வைத்த கணக்கு, அந்தக் கத்தியின் ஆயுசுக்கும் மாறாது. யார் தீட்டினாலும் அதே கோணம். தலைமுறைக்கும் சேர்த்து ஒரே ஒரு முறை போடுகிற கணக்கு அது.

முடியை வெட்ட இவ்வளவா என்று கேட்காதீர்கள். 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மிருதுவான முடி எப்படி பிளேடை மழுங்கடிக்கிறது என்பது கேள்வி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வாய் சும்மா தேய்வதில்லை, துணுக்குத் துணுக்காகப் பெயர்கிறது. எஃகு உள்ளே ஒரே சீராக இல்லாத இடத்தில், முடி ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டால் அங்கே பெயர்கிறது. ஆக எஃகை ஒரே சீராகக் கொண்டு வருவதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியவர் நிறம் பார்த்து நிறம் பார்த்துச் செய்வது அதைத்தான்.

இந்த வேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். "வேற வேலய விட்டுட்டு உக்காந்தா ரெண்டு நாளு" என்றார்.

இரண்டு நாள். 2025-26-க்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். இரண்டு நாளைக்கு 672. கரி, அரம், கரண்ட், எண்ணெய் எதுவும் சேர்க்காமல் 672. பெரியவர் கேட்டது 600. ஏரியில் மண் எடுக்கிற கூலியைவிடக் குறைவாகக் கேட்டிருக்கிறார் மனிதர். அதிலும் இருநூறைக் குறைக்கச் சொல்கிறார் என் நண்பர்.

"ஏன் பெரியவரே இவ்வளவு கம்மியா சொல்றீங்க?"

"அதுக்கு மேல எவன் குடுப்பான் தம்பி? எட போட்டுப் பாப்பான்."

எடை போட்டுப் பார்ப்பது! இதுதான் வியாதி. நம் ஊர்க் கொல்லர் செய்தால் இரும்பு. கிலோ என்ன விலை? வெளிநாட்டுக்காரர் செய்தால் எஃகு. அதை எடை போடத் தராசே கிடையாது.

* * *

இதில் இருக்கிற வேடிக்கையைக் கேளுங்கள். அந்த எஃகே நம்மிடமிருந்து போனதுதான்.

பெருமை பேசக் கிளம்பிவிட்டேன் என்று பயப்படாதீர்கள். 'ஆதியில் எல்லாம் நம்முடையது' கோஷ்டியில் நான் இல்லை. ஆனால் இது பதிவான சங்கதி. தென்னிந்தியாவில் மண் மூசைக்குள் இரும்பை வைத்து மூடி, கரிமம் ஏற்றி உருக்கிய எஃகுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'ஊட்ஸ்'. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், அதாவது செஞ்சியும் சேர்ந்திருந்த அதே மாவட்டத்தில், மேல்சிறுவள்ளூர் என்ற ஊரில் இப்படி எஃகு காய்ச்சிய மூசைத் துண்டுகளை சாரதா சீனிவாசன் என்ற ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்து 1994-ல் எழுதினார்.

இந்த எஃகின் மாதிரிகள் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. 1795-ல் ஜார்ஜ் பியர்சன் என்ற டாக்டர் அதைப் பற்றி அங்கே கட்டுரை வாசித்தார். அவருக்காக அதில் ஒரு பேனாக்கத்தி அடித்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். லண்டனில் கத்தியும் அறுவை சிகிச்சைக் கருவியும் செய்து விற்றவர். ஸ்டோடார்ட்டுக்கு அந்த எஃகின் மேல் ஒரு மோகமே வந்துவிட்டது. ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதையே தான் விரும்புவதாகத் தன் கடையின் விளம்பர அட்டையில் அச்சடித்துக் கொண்டார். பிறகு ஓர் இளைஞனைக் கூட்டுச் சேர்த்துக் கொண்டு ஊட்ஸ் மாதிரியே எஃகு செய்து பார்க்க முயன்றார். அந்த இளைஞன் பெயர் மைக்கேல் ஃபாரடே. ஆமாம், மின்சார ஃபாரடேயேதான். அவர் அப்பா கொல்லர். அந்த ஆராய்ச்சியால் பெரிய வியாபாரம் நடக்கவில்லை. ஆனால் தன் எஃகில் செய்த சவரக் கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? 1830-களில் இதே தென்னாற்காட்டின் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற முன்னாள் கம்பெனி அதிகாரி இரும்பு ஆலை வைத்தார். சேலத்துத் தாது இங்கே உருகி இங்கிலாந்துக்குப் போனது. ஆலை லாபம் பார்க்கவில்லை. ஹீத் ஷெஃபீல்டுக்குப் போய் 1839-ல் மாங்கனீஸ் சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகு மலிந்தது. அங்கே செய்த கத்தி கப்பலேறி இங்கே வந்தது. 'ஷெஃபீல்டு' என்று பொறித்த கத்தி நம் ஊர் சலூன்களில் மவுசு பெற்றது. மேல்சிறுவள்ளூரில் மூசைத் துண்டு மிஞ்சியது.

ஜெர்மனிக்காரனைப் பாருங்கள். ஸோலிங்கன் என்று ஒரு ஊர். கத்திக்கென்றே பேர் போனது. 1938-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்த ஊர் வட்டாரத்தில் வைத்து முக்கிய வேலைகளைச் செய்யாத எந்தக் கத்தியிலும் 'ஸோலிங்கன்' என்று பொறிக்கக் கூடாது. பி.காம். இரண்டாம் வருஷத்தில் 'குட்வில்' என்று ஒரு பாடம் வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கட்டடம் இல்லை, மெஷின் இல்லை, ஆனாலும் பேரேட்டில் கோடிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஸோலிங்கன் என்ற பத்து எழுத்துகூட இல்லாத சொல் அப்படி ஒரு சொத்து. நம் ஊரிலும் தூங்கி வழிந்து கடைசியாக ஆரம்பித்திருக்கிறார்கள். மீரட் கத்தரிக்கோலுக்கு 2013-லும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிற கை எவ்வளவு மிச்சமிருக்கும்போது கிடைத்தது என்பது வேறு கதை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு இன்ஷூரன்ஸ் எடுத்த மாதிரி.

* * *

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "ஐயா, அஞ்சு ரூபாய்க்கு பிளேடு விக்கிறான். எதுக்கு இந்தக் கத்தி?"

நியாயமான கேள்வி. கிங் கேம்ப் ஜில்லெட் 1903-ல் விற்பனை தொடங்கியபோது அந்த வருஷம் முழுக்க விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருஷம் 90,000 ரேசருக்கு மேல். (ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதித்தார் என்று எங்களுக்கு மார்க்கெட்டிங் வகுப்பில் சொன்னார்கள். உண்மையில் முதல் ரேசரின் விலை 5 டாலர். அன்றைக்கு அது பெரிய காசு. காப்புரிமை 1921-ல் முடிந்த பிறகுதான் மலிவு விலை.) 2010-ல் இந்தியாவுக்கென்றே 15 ரூபாய்க்கு ஒரு ரேசர் கொண்டு வந்தார்கள். அதில் மாட்டும் பிளேடு 5 ரூபாய். அந்தக் கம்பெனியை நான் திட்டப் போவதில்லை. தினக் கூலி வாங்குகிறவர் சொந்தமாக ஒரு ரேசர் வைத்துக் கொள்ள முடிகிறது என்றால் நல்லதுதான்.

அதைவிட முக்கியம், சலூனிலிருந்து அந்த நீளக் கத்தி போனதும் நல்லதுதான். ஒரே கத்தி, ஒரே கிண்ணித் தண்ணீர், ஒரே படிகாரக் கட்டி, ஊரே வரிசையாக உட்கார்ந்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். எய்ட்ஸ் பயம் வந்த பிறகுதான் நாம் "பிளேடு மாத்துங்கண்ணே" என்று சொல்லப் பழகினோம். புள்ளி ராஜா விளம்பரம் ஞாபகமிருக்கிறதா? அந்தக் காலம். எய்ட்ஸைவிடக் காமாலைக்குத்தான் அதிகம் பயந்திருக்க வேண்டும். போகட்டும், எதற்காகவோ பயந்து சரியானதைச் செய்தோம்.

எனவே நான் பழைய கத்தியை சலூனுக்குத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லவில்லை. ஒருவருக்கு ஒரு கத்தி. சொந்தக் கத்தி. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, அளவு சொல்லி அடித்த கத்தி. என் நண்பர் வாங்கியதும் அதுதானே? பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வாங்கலாம், பத்து மைலில் வாங்கினால் மட்டும் கவுரவக் குறைச்சலா?

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் செய்யும் கத்தி நண்பருடைய கத்திக்குச் சமமல்ல. இரண்டு பக்கமும் குழிவாகக் குடைந்து எடுக்கும் வேலைக்கு வேண்டிய சக்கரம் அவரிடம் இல்லை. இவருடையது கொஞ்சம் கனம். பிடி வேப்ப மரமோ எருமைக் கொம்போ. பூ வேலை கிடையாது. 42,000 பெறுமா என்றால் பெறாது. அதற்காக நானூறா?

* * *

கொல்லரைப் பற்றியே பேசிக் கொண்டிருக்கிறேன். கத்தியைப் பிடித்த கை ஒன்று இருக்கிறதே.

செஞ்சியில் எனக்குத் தெரிந்த ஒரு சலூன்காரர். அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் எனக்கு முடி வெட்டியவர். நண்பரின் கத்தியைப் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லா கீது தம்பி. எங்க தாத்தாதுகூட ஊட்ல கீது. எண்ணத் துணில சுத்தி வச்சிக்கினு இருக்கறன். அடைப்பத்தோட."

"விப்பீங்களா அண்ணே? இப்ப இதுக்கெல்லாம் நல்ல விலை."

"விக்க மாட்டன். எடுக்கவும் மாட்டன். அத எடுத்தா தாத்தா ஞாபகம் வரும். ஊருக்கெல்லாம் செரச்சாரு. ஒரு திண்ணைல உக்கார உட்டதில்ல."

அந்தக் காலத்தில் அவர் தாத்தாவுக்குச் சம்பளம் காசு இல்லை. அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம். ஊருக்கு ஊழியம் செய்கிறவருக்குப் பரம்பரையாக வரவேண்டிய பங்கு என்று பழைய ஊர்க் கணக்கில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அந்தச் 'சுதந்திர'த்துக்காகச் சாவு வீட்டுக்கும் போக வேண்டும், கல்யாண வீட்டுக்கும் போக வேண்டும், இரண்டிலும் வாசலோடு நிற்க வேண்டும்.

இதே கத்திக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் சேரி ஆட்களுக்கு அது இறங்க மறுத்தது. அப்படி மறுப்பது குற்றம் என்று 1955-ல் தீண்டாமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. சட்டம் வந்த பிறகும் எத்தனையோ ஊரில் மறுத்தார்கள். ஆகவே "பழைய கத்தி, பழைய வாழ்க்கை, ஆஹா" என்று யாராவது உருகினால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அந்தப் பழைய வாழ்க்கையில் கத்தி செய்தவருக்கும் கத்தி பிடித்தவருக்கும் கத்தி மறுக்கப்பட்டவருக்கும் உருக ஒன்றும் இருக்கவில்லை.

2018-ல் 'சவரக்கத்தி' என்றே ஒரு படம் வந்தது. ராம் நாவிதராக நடித்தார். கதாநாயகனுக்கு அந்தத் தொழில் கொடுக்க நம் சினிமாவுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். போலீஸ், வக்கீல், ரவுடி எல்லாம் ஆயிரம் தடவை வந்தாயிற்று. அந்தத் தொழிலின் பெயர் இன்னமும் நம் வாயில் வசவாகத்தானே புழங்குகிறது? நண்பர் வாங்கிய கத்தி மட்டும் வெல்வெட்டில்.

எங்கள் கோட்டைக்கு வருகிறேன். யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சியோடு சேர்ந்த 12 கோட்டைகளில் ஒன்று பன்ஹாளா. 1660-ல் சிவாஜி அங்கே முற்றுகையில் சிக்கிக் கொண்டார். தப்பிக்க ஒரு வழி செய்தார்கள். சிவாஜியின் சாயலில் இருந்த ஒருவர் அவரைப் போலவே உடுத்திக் கொண்டு பல்லக்கில் ஏறி எதிரியிடம் போய் மாட்டினார். அவரைப் பிடித்தவர்கள் உண்மை தெரிந்ததும் கொன்றார்கள். அதற்குள் சிவாஜி வெகுதூரம் போய்விட்டார். பல்லக்கில் போனவர் பெயர் சிவா காஷித். நாவிதர். பட்டியலில் இன்னொரு கோட்டை பிரதாப்கட். அதன் அடிவாரத்தில் 1659-ல் அஃப்சல் கானைச் சந்தித்தபோது சிவாஜி மேல் இறங்க இருந்த வாளைத் தடுத்தவர் ஜீவா மஹாலா. அவரும் அதே சமூகம் என்கிறது மராட்டிய மரபு.

பதினேழு வருஷம் கழித்து, 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். அந்த ஒரு காரணத்தால்தான் தமிழ்நாட்டிலிருந்து இந்த ஒரு கோட்டை மராட்டியப் பட்டியலில் இருக்கிறது. அன்றைக்கு அந்த நாவிதர் பல்லக்கில் ஏறியிருக்காவிட்டால் 1677 ஏது, பட்டியல் ஏது? நான் அதை எங்கள் சலூன்காரரிடம் சொன்னேன். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு "நெசமாவா?" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியில் ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பி, "கேட்டியா?" என்றார்.

செஞ்சிக்காரர்கள் நாங்கள் தேசிங்கு ராஜாவைக் கொண்டாடுகிறோம். 1714-ல் சின்னஞ்சிறு படையோடு ஆற்காட்டு நவாபை எதிர்த்துச் செத்த இளைஞன். கொண்டாடத்தான் வேண்டும். அவன் வாளைப் பற்றி, குதிரையைப் பற்றி, கூட நின்ற முகமது கானைப் பற்றிப் பாட்டு உண்டு, 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த சினிமா உண்டு. அந்த வாளை அடித்த கொல்லனைப் பற்றிப் பாட்டு எங்கே? வாளுக்கும் சவரக் கத்திக்கும் உலை ஒன்றுதான், சம்மட்டி ஒன்றுதான். உயிர் எடுப்பதற்குக் காவியம், முகத்தை மழிப்பதற்கு வசவு.

உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தாயிற்று. இனி கல்லுக்குக் காசு வரும். வரட்டும். நெற்களஞ்சியத்தின் சுவரில் பெயர் செதுக்கும் காதலர்களை நிறுத்த ஆள் போடட்டும். அப்படியே கோட்டை வாசலில் ஒரு கொட்டகை போட்டு இந்தப் பெரியவரை உட்கார வைத்தால் என்ன? வருகிறவர்கள் உலை எரிவதைப் பார்க்கட்டும். அவர் அடித்ததில் 'செஞ்சி' என்று பொறிக்கட்டும். குழிவாகக் குடையும் சக்கரம் ஒன்று வாங்கித் தரக் கைத்தொழில் துறைக்கு ஆகிற செலவு, ஒரு திறப்பு விழாவின் பந்தல் செலவைவிட அதிகம் இருக்காது. விலையை எழுதிப் போடட்டும். பேரம் கிடையாது என்றும் எழுதிப் போடட்டும். ஷாப்பிங் மாலில் எழுதிப் போட்டால் வாயை மூடிக் கொண்டு கொடுக்கிறோம் இல்லையா?

* * *

நானூறுக்கு நான் பேசவில்லை. எனக்கென்றே ஒன்று செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. "மொதல்ல செஞ்சது நனைக்கும்போது கீறல் உட்டுடுச்சு தம்பி. வேற அரம் தேடிச் செஞ்சன். வந்து வாங்கிக்குங்க."

போனேன். கறுப்பு முதுகு, வெள்ளி மாதிரி வாய், வேப்ப மரப் பிடி. சலூன் அண்ணன்தான் தோல் வாரில் எப்படி இழுப்பது என்று சொல்லிக் கொடுத்தார். வாயை முன்னால் விட்டு இழுக்கக் கூடாது, முதுகு முன்னால் போக வேண்டும். முதல் நாள் தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். அது கத்தியின் குற்றமில்லை.

இரண்டு அரம், நாலு நாள் வேலை. 2,500 ரூபாயை நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. அறுநூறுதான் பேச்சு என்றார். கொஞ்ச நேரம் வழக்காடி, கடைசியில் வாங்கிக் கொண்டார். வாங்கி மடியில் வைத்துக் கொண்டு, "இவ்ளோ குடுத்தன்னு வெளிய சொல்லிடாதீங்க தம்பி. அப்புறம் ஒருத்தனும் பட்டறைக்கு வரமாட்டான்" என்றார்.

சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் பெரியவரே.

நண்பருக்கும் படம் அனுப்பினேன். "செமையா இருக்கே, எனக்கும் ஒண்ணு" என்று உடனே பதில். விலை 2,500, பேரம் கிடையாது என்று எழுதினேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் வரை சொல்லவில்லை.